சர்வர் செயலியா, மலிவு மேசைக்கணினிச் செயலியா: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயன்படுத்திக் கழற்றிய சர்வர் செயலிகள் இப்போது கேரோசல் என்ற பழம்பொருள் விற்பனைத் தளத்திலும் சீன இணையக் கடைகளிலும் மலிந்து கிடக்கின்றன. 2016இல் வெளிவந்தபோது 1,700 அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலை குறிக்கப்பட்டிருந்த இன்டெல் ஸியான் ஈ5-2680 வி4, இன்று ஒரு குடும்பம் உணவங்காடியில் சாப்பிட்டு எழும் செலவுக்குக் கிடைத்துவிடுகிறது. 14 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 35 மெகாபைட் கேஷ் (செயலிக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகம்), நான்கு வழி ரேம் (ஒரே நேரத்தில் நான்கு பாதைகளில் தரவு செல்லும் நினைவகம்) என்ற விவரங்களைப் படிப்பவருக்கு, நான்கே கோர் கொண்ட கோர் ஐ3-12100 என்ற மலிவு மேசைக்கணினிச் செயலி ஒரு பொருட்டாகத் தெரியாததில் வியப்பில்லை. சிறு நிறுவனங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நானும் என் வயதுக்காரர்களும் ஒரு காலத்தில் செய்து முடித்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். செயலியைச் செருகும் சாக்கெட் பொருந்துமா, முள் வளைந்திருக்கிறதா, வெப்பப் பசை தடவினீர்களா என்பவற்றைத் தொடப் போவதில்லை. அவற்றைத் தாய்ப்பலகையின் கையேடே சொல்லிவிடும்.

கோர்களை எண்ணி விலையால் வகுப்பது

ஈ5-2680 வி4 செயலியின் உச்ச வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். ஐ3-12100 செயலியின் உச்ச வேகம் 4.3 ஜிகாஹெர்ட்ஸ். இடைவெளி இவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். 2016க்கும் ஐ3 வெளிவந்த 2022க்கும் இடையில் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கோர் செய்து முடிக்கும் வேலையும் கூடியிருக்கிறது. ஒரே ஒரு கோரை மட்டும் ஓடவிட்டு அளந்தால், பழைய ஸியான் புதிய ஐ3இன் வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டுகிறது. எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஓட்டினாலும், ஆறு கோர் கொண்ட ஐ5-12400 அந்த 14 கோருக்கு ஏறக்குறைய ஈடு கொடுத்துவிடும்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த விதியைக் கொண்டு இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு வேலையில் 75 விழுக்காட்டைக் கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க முடியும், மீதி 25 விழுக்காடு ஒரே கோரில்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர் அந்த வேலையை 2.3 மடங்கு விரைவாக்கும். 14 கோர் 3.3 மடங்கு விரைவாக்கும். ஆனால் அந்த 14 கோரில் ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஓடுவதால், 3.3 என்பது 1.65 ஆகச் சுருங்கிவிடுகிறது. நான்கு கோர் வென்றுவிட்டது. வேலையில் 90 விழுக்காட்டைப் பகிர முடிந்தால்தான் இரண்டும் ஏறத்தாழச் சமநிலைக்கு வருகின்றன. காணொளி மாற்றுதல், முப்பரிமாணக் காட்சி உருவாக்குதல், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்தல் ஆகியவை அந்த எல்லையைத் தாண்டும். அலுவலகத்தில் நாள்தோறும் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை அதன் பக்கத்தில்கூட வருவதில்லை.

மென்பொருள் எத்தனை கோரைத் தொடும் என்று கேட்காமல் வாங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் மளிகைப் பொருள்களை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. கணக்குக்கும் இருப்புக்கும் ஒரே மென்பொருள். அதன் அடியில் தரவுத்தளமாக இருந்தது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். மாதக் கடைசியில் இருப்பு அறிக்கை எடுக்க நேரமாகிறது என்று முதலாளி குறைப்பட்டபோது, அவருக்குப் பொருள் விற்றவர் இரண்டு ஈ5-2680 வி4 செயலிகளும் 256 ஜிகாபைட் ரேமும் கொண்ட சர்வர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பழைய மேசைக்கணினியில் இருந்ததைவிட அறிக்கை இன்னும் தாமதமாக வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கொடுமை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். செயலியின் பயன்பாடு 4 விழுக்காடு என்று காட்டியிருக்கிறது. ஆகவே செயலி சும்மா கிடக்கிறது, தட்டுப்பாடு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டி, மேலும் ரேம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கேட்டார்: “தம்பி, 28 கோர் இருக்கு. நாலு பர்சன்ட்தான் ஓடுது. அப்புறம் ஏன் இப்படி இழுக்குது?”

“அண்ணே, அந்த நாலு பர்சன்ட்தான் பிரச்சினையே” என்றேன்.

28 கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடினால் மொத்தப் பயன்பாடு 3.6 விழுக்காடு என்றுதான் காட்டும். அந்த அறிக்கை வரிவரியாகக் கணக்கிட்டு நகரும் வகையைச் சேர்ந்தது. அது ஒரு கோரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. டாஸ்க் மேனேஜரில் வரைபடத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, கோர்வாரியாகக் காட்டும்படி மாற்றியிருந்தால் ஒரு கட்டம் மட்டும் உச்சிவரை நிரம்பியிருப்பதை யாரும் கண்டிருக்கலாம். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம் என்பதால் மைக்ரோசாஃப்ட் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது: ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இவற்றில் எது குறைவோ அதைத்தான் அது பயன்படுத்தும். தரவைத் தாங்கி வைக்கும் நினைவகம் 1,410 மெகாபைட்டைத் தாண்டாது. ஆகவே அந்தச் சர்வரில் இரண்டாவது செயலி முழுவதும் தரவுத்தளத்தைப் பொறுத்தவரை இல்லாத பொருள். முதல் செயலியிலும் 10 கோர் வேலையற்றவை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பணிபுரிந்தாலும் தரவுத்தளத்தின் பங்கு 14 விழுக்காட்டுக்கு மேல் ஏறவே முடியாது. 256 ஜிகாபைட் ரேமைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்பிரஸ் தொடக்கூடிய நான்கு கோர்களும் விரைவாக ஓட வேண்டும் என்றால், நான்கு விரைவான கோர் கொண்ட ஐ3தான் அதற்குரிய செயலி. அந்த நிறுவனத்திலும் முடிவில் தரவுத்தளத்தை ஒரு சாதாரண மேசைக்கணினிக்கு மாற்றினோம். சர்வரை வாங்கிய விலையில் பாதிக்கும் விற்க முடியவில்லை.

மெய்நிகர்க் கணினியில் (ஓர் இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினியில்) எக்ஸ்பிரஸை ஓட்டுகிறவர்களுக்கு இதே பள்ளம் வேறு வடிவில் காத்திருக்கிறது. நான்கு கோர் கொடுப்பதாக நினைத்து, “நான்கு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர்” என்று அமைத்துவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் ஒரு சாக்கெட்டோடு நின்றுவிடும். கிடைப்பது ஒரே ஒரு கோர். “ஒரு சாக்கெட், நான்கு கோர்” என்று மாற்றி அமைத்துவிட்டால் காசு செலவில்லாமல் வேகம் கூடும்.

உரிமம் வாங்கும் கட்டத்துக்கு வளர்ந்த நிறுவனங்களில் இதே தவறு பல மடங்கு பணத்தைத் தின்னும். எஸ்கியூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விலை, இரண்டு கோர் கொண்ட தொகுப்பு ஒன்றுக்கு 3,945 அமெரிக்க வெள்ளி. நேரடியாக வன்பொருளில் நிறுவினால் இயந்திரத்தில் உள்ள எல்லாக் கோர்களுக்கும் உரிமம் வாங்க வேண்டும். எட்டுக் கோர் செயலிக்கு 15,780 வெள்ளி. 32 கோர் செயலிக்கு 63,120 வெள்ளி. செயலியின் விலையே இதன் முன்னால் சில்லறைதான். இதில் கசப்பான பகுதி, அந்த ஸ்டாண்டர்ட் பதிப்பு 24 கோருக்கு மேல் பயன்படுத்தாது என்பது. 32 கோருக்கும் பணம் கட்டிய பிறகு எட்டுக் கோர் சும்மா இருக்கும். பயனர் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமம் வாங்கும் வழியும் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு உண்டு. ஆள் குறைந்த அலுவலகங்கள் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். விண்டோஸ் சர்வரின் உரிமம் குறைந்தது 16 கோருக்குக் கணக்கிடப்படுகிறது என்பதால், அங்கே 16க்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிக்க இடமில்லை.

செயலித் தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏஎம்டி 2021இல் வெளியிட்ட எபிக் 72எஃப்3 சர்வர் செயலியில் கோர் எட்டுத்தான். கேஷ் 256 மெகாபைட், உச்ச வேகம் 4.1 ஜிகாஹெர்ட்ஸ். எட்டுக் கோருக்கு அவ்வளவு விலையா என்று சிரிக்கிறவர், உரிமப் பட்டியலை ஒருமுறையும் பார்க்காதவராகத்தான் இருப்பார்.

சர்வர் ரேமை மேசைக்கணினியில் செருகுவது

சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு வகை ரேம் சாதாரண மேசைக்கணினித் தாய்ப்பலகையில் ஓடாது. விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூட்டிய எபிக் செயலியை வாங்குவது

எபிக் செயலிகளில் ‘பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது. சில சர்வர் தயாரிப்பாளர்கள் அதை இயக்கி அனுப்புகிறார்கள். அப்படி இயக்கப்பட்ட இயந்திரத்தில் ஓடிய செயலியின் உள்ளே ஃபியூஸ் எரிக்கப்பட்டு, அந்தத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (பலகையின் அடிப்படை மென்பொருள்) உள்ள பலகையில் மட்டுமே அது இயங்கும் என்ற நிலை வந்துவிடுகிறது. எரிந்த ஃபியூஸை மீட்க வழியில்லை. செயலியின் மேற்புறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. விற்பவரிடம் “எந்த நிறுவனத்து இயந்திரத்திலிருந்து கழற்றியது, வேறு பலகையில் ஓட்டிப் பார்த்தீர்களா” என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விலகிக்கொள்ளுங்கள்.

பொறியியல் மாதிரிச் செயலிகள் (விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகத் தயாரித்தவை)

வேண்டாம்.

வீட்டில் வைப்பதை யோசிக்காமல் வாங்குவது

வீட்டிலேயே சோதனைக் கூடம் அமைக்க விரும்பும் மாணவர்களுக்கு இது. இரண்டு செயலி கொண்ட பழைய சர்வர், வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போதே மலிவு மேசைக்கணினியைவிட 100 வாட் கூடுதலாக இழுப்பது வழக்கம். ஆண்டு முழுவதும் அணைக்காமல் விட்டால் அது 876 கிலோவாட் மணி. சிங்கப்பூரில் அண்மை ஆண்டுகளின் வீட்டு மின்கட்டணம் கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 30 காசு என்று கொண்டால், ஆண்டுக்கு 260 வெள்ளிக்குச் சற்று மேல். அந்தப் பணத்தைச் செயலியின் விலையோடு கூட்டிய பிறகு எது மலிவு என்று கேட்டுப் பாருங்கள். குளிரூட்டி அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஆகும் மின்சாரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தட்டையான சர்வர்களில் உள்ள நான்கு சென்டிமீட்டர் விசிறிகளின் கீச்சொலி வரவேற்பறையில் யாருக்கும் உறக்கம் தராது. இதற்குத் தீர்வாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டர் என்ற குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறைக்குள் சர்வரை வைத்து எஃகுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் காற்றோட்டம் குறைந்த அறை அது. சத்தம் அடங்கும், வெப்பம் வெளியேறாது, விசிறிகள் இன்னும் வேகமெடுக்கும்.

விண்டோஸ் 11

ஈ5 வி4 வரிசை அதன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் இதைக் கடந்து போகலாம்.

சர்வர் தேவைப்படும் இடத்தில் கஞ்சத்தனம்

மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, சர்வர் செயலியே வீண் என்ற முடிவுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடமும் எனக்குச் சச்சரவு இருக்கிறது. சர்வர் செயலிக்கு நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கோர்களைச் சுற்றியிருக்கும் வழிகளுக்கானது. வட்டுகளையும் அட்டைகளையும் செயலியோடு இணைக்கும் பிசிஐஇ தடங்கள் ஐ3-12100இல் 20. எபிக் 9654இல் 128. ஒரு சேமிப்புப் பெட்டியில் பன்னிரண்டு என்விஎம்இ வகை விரைவு வட்டுகளை ஒவ்வொன்றுக்கும் நான்கு தடம் கொடுத்து முழு வேகத்தில் ஓட்ட விரும்பினால் வட்டுகளுக்கு மட்டுமே 48 தடம் வேண்டும். எந்த மலிவு மேசைக்கணினிச் செயலியும் அதற்கு உதவாது.

ரேமின் அலைவரிசை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு செல்லும் என்பது, இன்னொன்று. டிடிஆர்5-4800 ரேமை இரண்டு வழியில் இணைக்கும் மேசைக்கணினி நொடிக்கு 76.8 ஜிகாபைட் தரும்; 12 வழி கொண்ட எபிக் 9654 நொடிக்கு 460.8 ஜிகாபைட் தரும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்த இயந்திரத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த எண்தான் முக்கியம். எல்லா எடைகளையும் (மாதிரி கற்று வைத்த எண்களை) பயன்படுத்தும் வகை மாதிரியில், ஒவ்வொரு சொற்கூற்றையும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்க அந்த எடைகள் முழுவதையும் ரேமிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. 40 ஜிகாபைட் அளவுள்ள மாதிரி என்றால், மேசைக்கணினியின் உச்ச வரம்பு நொடிக்கு இரண்டு சொற்கூறுகளுக்கும் குறைவு. எபிக்கின் உச்ச வரம்பு பதினொன்றைத் தாண்டும். கோர் எத்தனை என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

ஆனால் அந்த 460.8 தானாகக் கிடைத்துவிடுவதில்லை. 12 வழியிலும் ஒவ்வொரு ரேம் பட்டை இருக்க வேண்டும். வெளிவந்தபோது 11,805 அமெரிக்க வெள்ளி விலை குறிக்கப்பட்ட அந்தச் செயலியை வாங்கிவிட்டு, “இப்போதைக்கு இது போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்று இரண்டு 64 ஜிகாபைட் பட்டைகளைச் செருகியவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வழியில் அது தருவது அதே 76.8 ஜிகாபைட். மொத்தக் கொள்ளளவு மாறாமல் 16 ஜிகாபைட் பட்டைகள் எட்டு வாங்கியிருந்தால்கூட நான்கு மடங்கு அலைவரிசை கிடைத்திருக்கும். எட்டுப் பட்டைகளை எந்தெந்தத் துளைகளில் செருக வேண்டும் என்ற வரிசை தாய்ப்பலகைக் கையேட்டில் அட்டவணையாக இருக்கும், அதை மாற்றிச் செருகினால் அந்த நான்கு மடங்கும் வராது.