எஸ்எம்பிஎஸ் கேபிள் மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதல்முறை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் ப்ராசஸரை சாக்கெட்டில் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தெர்மல் பேஸ்ட் எவ்வளவு தடவ வேண்டும் என்று பத்து வீடியோ பார்க்கிறார்கள். அதெல்லாம் முடிந்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) கேபிள் மாட்டும் நேரம் வரும்போது இரவு பதினொரு மணி ஆகியிருக்கும். 'சொருகுறதுதானே' என்று அவசரம் வந்துவிடும். பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். பொருள் போய்விட்டது என்று என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் தவறிய இடம் அந்தக் கடைசி அரை மணி நேரம்தான்.

கேபிள் உள்ளே போய்விட்டால் சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறோம் என்று நம்பிவிடுகிறோம். யூஎஸ்பி கேபிளுக்கு அந்த நம்பிக்கை போதும். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் அது போதாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். போர்டில் எங்கோ ஒரு சின்ன லைட் எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். அந்த நிலையில் கேபிளைக் கழற்றி மாட்டக் கூடாது. பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் கார்டையும் உருவிவிட்டு, கேபினட்டின் பவர் பட்டனை ஐந்து பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அந்த லைட் மங்கி அணையும். அப்புறம் கை வையுங்கள்.

எட்டு பின், ஆனால் வேறு வேறு

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள்களில் எட்டு பின் உள்ளவை இரண்டு வகை. ஒன்று ப்ராசஸருக்கு, இன்னொன்று கிராபிக்ஸ் கார்டுக்கு. புதிதாகச் செய்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ப்ராசஸர் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பழைய கலர் வயர் கேபிள் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். ப்ராசஸர் கேபிளில் கிளிப் இருக்கும் பக்கம் நான்கும் மஞ்சள். கார்டு கேபிளில் கிளிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. அதாவது இரண்டும் நேர் தலைகீழ். கார்டு கேபிளை ப்ராசஸர் சாக்கெட்டில் திணித்தால் 12 வோல்ட் லைன் நேராக கிரவுண்டில் போய் நிற்கும். அப்படி நடக்கக் கூடாது என்றுதான் பின்களின் ஓரங்களைச் சிலவற்றில் சதுரமாகவும் சிலவற்றில் மழுங்கலாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் அது வெறும் பிளாஸ்டிக். கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் வழிவிட்டுவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஷார்ட் ஆனதும் தானே அணைந்துகொள்ளும். மலிவானதில் அதை நம்ப முடியாது.

இப்போதெல்லாம் கேபிள் முழுக்கக் கறுப்பாகவே வருகிறது, கலரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தலைப்பகுதியின் பிளாஸ்டிக்கில் சிபியு (ப்ராசஸருக்கு) என்றோ பிசிஐ-இ (கார்டுக்கு) என்றோ பொறித்திருப்பார்கள். டார்ச் அடித்து அதைப் படியுங்கள். சரியான கேபிள் லேசான அழுத்தத்திலேயே போகும். கை வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, ப்ராசஸர் கேபிளை மாட்டவே மறப்பது. அந்த சாக்கெட் போர்டின் மேல் மூலையில், ஹீட்சிங்கும் ஃபேனும் மறைக்கும் இடத்தில் இருக்கும். ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. ரேமைக் கழற்றி மாட்டி, கார்டைக் கழற்றி மாட்டி, போர்டே போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். போர்டை கேபினட்டில் திருகும் முன்பே இந்தக் கேபிளைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து மேல் ஓட்டையில் வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் பாதி சிரமம் குறையும். சில போர்டுகளில் எட்டோடு கூட இன்னொரு நான்கோ எட்டோ இருக்கும். ஓவர்கிளாக் செய்யாத (ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டாத) சாதாரண உபயோகத்துக்கு முதல் எட்டு போதும். இரண்டாவது காலியாக இருக்கிறதே என்று கார்டு கேபிளை எடுத்துச் சொருகிவிடாதீர்கள்.

24 பின் கேபிளில் பெரிய ஆபத்து இல்லை. ஒரே கஷ்டம், அது இறுக்கமானது. அழுத்தும்போது போர்டு வில்போல வளையும். சாக்கெட்டுக்குப் பின்னால் இன்னொரு கையின் விரல்களைத் தாங்கக் கொடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல அழுத்துங்கள். 'டிக்' என்று கிளிப் விழும். தனியாகப் பிரியும் நான்கு பின் துண்டு சில சமயம் ஒரு மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு எவ்வளவு இழுக்கிறது

கிராபிக்ஸ் கார்டுக்கு போர்டின் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கிடைக்கும். ஆறு பின் கேபிள் 75 வாட், எட்டு பின் 150 வாட் என்பது கணக்கு. இரண்டு எட்டு பின் சாக்கெட் உள்ள கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குமே, அதை வைத்து இரண்டையும் நிரப்பினால் கார்டு ஓடத்தான் செய்யும். ஆனால் 300 வாட்டும் ஒரே செட் வயரில் வரும். கேம் விளையாடும்போது மட்டும் திடீரென்று அணையும் கம்ப்யூட்டரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது கன்வெர்ட்டர்கள். ஆபீஸில் ஓடிய பழைய பிராண்டட் கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதில் ஒரு செகண்ட்ஹேண்ட் கார்டைப் போட்டு விளையாட நினைக்கும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். ஆசையில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 200, 300 வாட்டுக்குள்தான் இருக்கும். கார்டுக்கென்று கேபிளே இருக்காது. கடையில் கேட்டால் நூறு, இருநூறு ரூபாய்க்கு சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிள்) ஆறு பின், எட்டு பின் கன்வெர்ட்டர் கொடுத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். ஆனால் எட்டு பின்னைப் பார்த்த கார்டு தனக்கு 150 வாட் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இழுக்கும். அந்த மெல்லிய பின்கள் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, கருகிய வாசனை வரும். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டு கேபிள் இல்லையென்றால், இந்த அளவு கார்டை நான் தாங்க மாட்டேன் என்று அது சொல்கிறது. ஸ்லாட் பவரிலேயே ஓடும் 75 வாட் கார்டு வாங்குங்கள், இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். பிராண்டட் பெட்டிகள் சிலவற்றில் போர்டின் மெயின் கனெக்டரே 24 பின்னாக இருக்காது என்பதால், மாற்றும் முன் அதையும் பார்க்க வேண்டும்.

புதிய பெரிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் தனிக் கதை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வெளிவந்து சில வாரங்களிலேயே கனெக்டர் உருகிய படங்கள் வரத் தொடங்கின. ஆராய்ந்தவர்கள் பல கார்டுகளில் கண்ட காரணம், கேபிள் முழுதாக உள்ளே போகாதது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு உருகுமா என்று கேட்கலாம். 600 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 50 ஆம்பியர் வேண்டும். அது 12 வோல்ட் வரும் ஆறு பின்னில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். ஒவ்வொரு பின்னின் தாங்கும் அளவே ஒன்பது சொச்சம்தான். பழைய எட்டு பின்னில் 150 வாட்டுக்கு ஒரு பின்னில் நான்கு ஆம்பியர் சொச்சம்தான் ஓடும், அதுவும் இதைவிடத் தடித்த பின். அங்கே கொஞ்சம் அசட்டையாக மாட்டினாலும் தப்பித்துவிடலாம். இங்கே இரண்டு பின் சரியாகத் தொடவில்லை என்றால் மீதி நான்கும் 12.5 ஆம்பியர் சுமக்க வேண்டும். கரண்ட் ஒன்றரை மடங்கு ஆனால் சூடு இரண்டேகால் மடங்கு ஆகும். அந்த கார்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆறு பின்னும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எந்தப் பின் அதிகம் சுமக்கிறது என்று கார்டுக்கும் தெரியாது.

2023-இல் இதைத் திருத்தினார்கள். சிக்னல் பின்களை (கேபிள் மாட்டியிருக்கிறதா என்று கார்டு அறியும் சின்னப் பின்கள்) குட்டையாக்கியதால், கனெக்டர் சரியாக உட்காராவிட்டால் கார்டு ஓட மறுக்கும். நல்ல மாற்றம்தான். ஆனாலும் 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டில் 2025-இலும் உருகிய கனெக்டர்களைப் பார்த்தோம். எனவே பொறுமையாக மாட்டுங்கள். முடிந்தால் கார்டை போர்டில் பொருத்தும் முன்பே மேஜைமேல் வைத்து ஒருமுறை மாட்டி, முழுதாக உட்கார்ந்தால் எப்படித் தெரிகிறது என்று கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேபினட்டில் மாட்டியதும் பக்கவாட்டில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவே கோடு போல இடைவெளி தெரியக் கூடாது. கிளிப் சத்தத்தை நம்பாதீர்கள், இதில் பல சமயம் சத்தமே கேட்காது. கனெக்டரிலிருந்து முதல் 35 மில்லிமீட்டராவது கேபிள் நேராக வர வேண்டும். கண்ணாடிக் கதவு மூடவில்லை என்று கேபிளை மடக்கி அமுக்கினால் உள்ளே பின்கள் சாய்ந்துவிடும்.

கரண்ட் வரும் பக்கம்

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்பவர்கள் வீட்டு சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதேபோல 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். பெரிய கார்டு வைத்து கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்காது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருக்க வேண்டும். தவறிப்போய் 115-இல் இருந்தால் நம் ஊர் கரண்டில் ஒரே வெடிதான். அப்படி வெடித்ததை நீங்களே பிரிக்க நினைக்காதீர்கள், உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது பக்கக் கதவைத் திறந்தே வையுங்கள். அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிவிட்டு, அணைத்து, கனெக்டர்களை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய கேபிள், புது எஸ்எம்பிஎஸ்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், என்னால் மறக்க முடியாதது இதுதான். தெரிந்த தம்பி ஒருவர் எஸ்எம்பிஎஸ் மாற்றினார். பழையதும் புதியதும் மாடுலர். இரண்டு முனையும் கழலும் கேபிள். கேபினட்டின் பின்பக்கம் சாட்டா கேபிள்களை டை போட்டு அவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருந்தார். அதைக் கலைக்க மனம் வரவில்லை. பெட்டியை மட்டும் மாற்றி, பழைய கேபிளின் முனையைப் புதுப் பெட்டியில் சொருகினார். ஆன் செய்தார். ஒரு நொடி ஃபேன் அசைந்து நின்றது, லேசாகக் கருகிய வாசனை.

"அண்ணே, எல்லாம் கரெக்டா பொருந்துச்சுண்ணே" என்றார் போனில். பொருந்தும்தான். டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்கு அப்படி எந்தப் பொதுக் கணக்கும் கிடையாது. எந்தப் பின்னில் 5 வோல்ட், எந்தப் பின்னில் 12 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில் சீரிஸுக்கு சீரிஸ்கூட மாறும். பிளாஸ்டிக் மட்டும் பல சமயம் ஒரே அச்சு. 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போய், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க் மூன்றும் ஒரே நொடியில் போயின. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அவர் அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன, வேறு காப்பி இல்லை.

அந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் சர்க்யூட்டில் டிவிஎஸ் டையோடு என்ற சின்னக் கறுப்புத் துண்டு தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. அதிக வோல்ட் வந்தால் தான் ஷார்ட் ஆகி விழுவதுதான் அதன் வேலை. விவரம் தெரிந்த ஒருவர் அதை எடுத்துவிட்டு டிஸ்க்கை ஓட்டி, டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தார். கல்யாணப் படங்கள் கிடைத்தன. எஸ்எஸ்டியில் இருந்தது எதுவும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது.

எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் எல்லாக் கேபிளையும் மாற்றுங்கள், ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல். மீதியாகும் கேபிள்களை ஒரு கவரில் போட்டு, எந்த மாடலோடு வந்தது என்று மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை விற்கும்போதோ கொடுக்கும்போதோ அந்தக் கவரையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். எந்தப் பெட்டியோடு வந்தது என்று தெரியாமல் டிராயரில் கிடக்கும் மாடுலர் கேபிளை வெட்டிக் குப்பையில் போடுங்கள்.