ஆன்லைன் கேமிங்கிற்கு பிராட்பேண்ட் இணைப்பு: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பிராட்பேண்ட் இணைப்பைப் பற்றி விசாரித்தால், முதலில் காதில் விழுவது எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் தரவு என்ற வேகக் கணக்குதான். நூறு, இருநூறு, முந்நூறு என்று எண் ஏற ஏற மாதக் கட்டணமும் ஏறும். ஆன்லைன் விளையாட்டுக்காக இணைப்பு எடுக்கும் இளைஞர்களும், அவர்களுக்காகப் பணம் கட்டும் பெற்றோரும் செய்யும் முதல் தவறு அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதாகும். வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகள் ஆட்டத்தின்போது அனுப்பிப் பெறும் தரவு பொதுவாக ஒரு எம்பிபிஎஸ் அளவைக்கூட எட்டுவதில்லை. பாக்கெட்டுகள் எனப்படும் அந்தச் சிறிய தரவுத் துணுக்குகள், விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வருக்கு விநாடிக்குப் பல பத்து முறை, வேலரண்ட் சர்வரில் 128 முறை, தவறாமலும் தாமதிக்காமலும் போய்வர வேண்டும் என்பதே அங்கே முக்கியம். ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம்; அதை மில்லி விநாடியில் (விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வார்கள். அந்த நேரம் முன்னும் பின்னும் அலைபாய்வது ஜிட்டர். வழியிலேயே தொலைந்துபோவது பாக்கெட் இழப்பு. இந்த மூன்றும் எந்த விளம்பரத் தட்டியிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. நாற்பது எம்பிபிஎஸ் இணைப்பில் பிங் 40 என்று அசையாமல் நின்றால் நிம்மதியாக ஆடலாம். முந்நூறு எம்பிபிஎஸ் இணைப்பில் அது 30-க்கும் 120-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருந்தால், குறிபார்த்துச் சுட்ட குண்டு எதிராளி நகர்ந்த பிறகே சர்வரைச் சென்றடையும். கூடுதல் வேகம் உண்மையில் உதவுவது, பல ஜிபி அளவுள்ள விளையாட்டையும் அதன் அப்டேட்டுகளையும் விரைவாக இறக்கிக்கொள்வதற்குத்தான்.

வேகத்துக்கும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாவட்டத்துக்காரர்கள் சாலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். மும்பையை அடுத்த பன்வேலில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66 கன்னியாகுமரியில் வந்து முடிகிறது; அதன் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் கூடுதல் வண்டிகள் போகலாமே தவிர, மும்பை நமக்குப் பக்கத்தில் வந்துவிடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அப்படியானால் நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி விநாடி ஆகும். அந்த நெடுஞ்சாலையின் நீளத்துக்கு இழை நேராகக் கிடந்தால்கூடப் போய்வர 16 மில்லி விநாடி வேண்டும். இழை நேராகக் கிடப்பதில்லை என்பதாலும், வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதாலும், நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே வரும். ஆகவே மும்பை சர்வருக்குப் பத்துக்குள் பிங் தருகிறோம் என்று யாராவது உறுதியளித்தால், அதை எந்த நிறுவனத்தாலும் நிறைவேற்ற முடியாது.

இதிலிருந்து அடுத்த தவறு விளங்கும். தாம் ஆடும் விளையாட்டின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று பாராமலேயே பலர் இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலரண்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. வேறு சில விளையாட்டுகளில் நமக்கு அருகில் கிடைப்பது சிங்கப்பூர்தான். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டையும் சேர்த்தால் ஒளியின் பயணத்துக்கு மட்டுமே 40 மில்லி விநாடிக்கு அருகில் ஆகிவிடும். சிங்கப்பூர் சர்வரில் ஆடுபவர் 60, 70 என்ற பிங்கைப் பார்த்து நிறுவனத்தை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. நேர்மாறாக, மும்பை சர்வருக்கே 100-க்கு மேல் காட்டுகிறது என்றால் அங்கே ஆராய வேண்டிய குறை இருக்கிறது.

அந்தக் குறை பெரும்பாலும் பாக்கெட்டுகள் போகும் பாதையில் இருக்கும். நம் மாவட்டத்திலிருந்து தரவு திருநெல்வேலி, மதுரை வழியாகச் சென்னைக்கும் போகலாம், திருவனந்தபுரம் வழியாகக் கேரளத்துக்குள்ளும் போகலாம். எந்த வழி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சென்னையைச் சுற்றி மும்பைக்குப் போவதால் கூடுவது சில மில்லி விநாடிகள்தான், அதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால், நிறுவனமும் விளையாட்டு சர்வரின் வலையமைப்பும் இந்தியாவுக்குள் நேரடியாக இணைந்திராவிட்டால், தரவு வெளிநாடு போய்ச் சுற்றிக்கொண்டு மும்பைக்குத் திரும்புவதும் உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு இருந்து, பிங் மட்டும் இரட்டிப்பாக வேறுபடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து டிரேஸ்ரூட் (tracert) கட்டளையை ஓட்டினால், பாதையின் ஒவ்வொரு தங்கலையும், அதாவது பாக்கெட் கடந்து போகும் ஒவ்வொரு கருவியையும், அங்கே ஆகும் நேரத்தையும் காணலாம். விளையாட்டு சர்வர்கள் பல அந்தச் சோதனைக்குப் பதிலளிப்பதில்லை. இருந்தாலும், எந்தத் தங்கலில் எண் திடீரென்று உயர்ந்து அதன்பின் இறங்காமலே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விற்பனையாளர் கைபேசியில் ஓட்டிக் காட்டும் ஸ்பீட் டெஸ்ட் இதற்கு மாற்றாகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தச் செயலி தானாகத் தேர்ந்தெடுப்பது அருகிலுள்ள சர்வரை. பல நேரங்களில் அது அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அங்கே தெரியும் பிங் 4 என்பது உங்கள் வீட்டுக்கும் அந்தச் சர்வருக்கும் இடைப்பட்ட கணக்கு. அதைக் காலை பதினொரு மணிக்குப் பார்ப்பது அதைவிடவும் பயனற்றது. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை, தெருவில் எல்லோரும் படமும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஓர் இணைப்பின் உண்மைத் தரம் தெரியும். ஒரே இழையைப் பிரிப்பான்கள் வழியாகப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் வகை ஃபைபரில், கீழிறங்கும் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) கொள்ளளவை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. அதற்கும் மேலே, ஆபரேட்டர் தம் ஊர் முழுமைக்கும் வாங்கி வைத்திருக்கும் மொத்த இணையக் கொள்ளளவு போதாமல் போனால் நெரிசல் அங்கேதான் உருவாகும். எனவே, அதே நிறுவனத்தின் இணைப்பை அதே தெருவில் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்குப் போய், நீங்கள் ஆடும் அதே விளையாட்டைத் திறந்து, திரையில் அது காட்டும் பிங்கையும் பாக்கெட் இழப்பையும் அரை மணி நேரம் கவனித்துவிட்டு வாருங்கள். எந்த விளம்பரமும், இணையத்தில் உள்ள எந்த மதிப்பீடும் இதற்கு ஈடாகாது. ஏனென்றால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புகழும் நிறுவனம் நம் மாவட்டத்துக் கருங்கல் ஊரில் எப்படி இயங்கும் என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை.

நிறுவனத்தின் பெயரை நம்பி, கம்பத்தில் ஏறுபவர் யார் என்று விசாரிக்காமல் விடுவதை மிகப் பெரிய தவறாகவே கருதுகிறேன். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகளில் வீடு வரை கேபிள் இழுத்துப் பராமரிப்பதைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பங்குதாரர்களே செய்கிறார்கள். சிறிய நிறுவனங்கள் பலவற்றின் சேவையும் கேபிள் டிவி ஆபரேட்டர்கள் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஓர் ஊரில் அருமையான சேவையும் அடுத்த ஊரில் வாரக்கணக்கில் தீராத புகாரும் இருப்பது இதனால்தான். கேபிள் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுக்கிறாரா என்று ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஃபைபர் என்று சொல்லி விற்கப்படுவது வீட்டுக்குள் வரை கண்ணாடி இழையாகவே வருகிறதா, அல்லது பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு சுவிட்ச் பெட்டியை வைத்து அங்கிருந்து செம்புக் கம்பியாலான லேன் கேபிளாக வருகிறதா என்பதையும் நேரில் பார்க்க வேண்டும். பின்னதாக இருந்தால், அந்தக் கட்டடத்தில் மின்சாரம் போனாலே உங்கள் ஆட்டமும் போகும். சித்திரை, வைகாசியின் கோடை இடியும் ஐப்பசி, கார்த்திகையின் இடியும் வெளியில் தொங்கும் செம்புக் கம்பி வழியாக வந்து ரௌட்டரையும் கணினியின் லேன் போர்ட்டையும் பொசுக்கிவிடக்கூடும்.

இரண்டு பருவமழையையும் பெறும் மாவட்டம் இது. குலசேகரம், திருவட்டார் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் கடலோரத்துத் தென்னந்தோப்புகளிலும் கேபிள்கள் மரங்களுக்கிடையே தொங்குகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது, மேலே போன கம்பிகள் எவ்வளவு எளிதில் அறுபடும் என்பதை மாவட்டமே கண்டது. ஒன்று போனால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு ஃபைபர் இணைப்புகள் எடுப்பவர்கள், இரண்டும் ஒரே கம்பத்து வரிசையில் வருவதைக் கவனிப்பதில்லை. மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மாற்று ஏற்பாடாக வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவை வைத்துக்கொள்வது மேல். மின்தடையைப் பொறுத்தவரை, ஜிபானில் வழியிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், வீட்டிலுள்ள பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் ஆபரேட்டரின் அறையில் போதிய பேட்டரியும் இருந்தால் போதும். அந்த பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை வீட்டுக்குள்ளேயே இருக்க, நிறுவனத்தை மாற்றுவதும் அடிக்கடி நிகழ்கிறது. மேலறையில் ஆடும் மகனுக்குக் கீழ்க்கூடத்திலுள்ள ரௌட்டரிலிருந்து இரண்டு சுவர்களையும் ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டி வைஃபை வர வேண்டியிருந்தால், எந்த நிறுவனம் வந்தாலும் ஜிட்டர் தீராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அண்டை வீட்டு ரௌட்டர்களும் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. கணினிக்கும் கன்சோலுக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே நிலையான தீர்வு. அதற்காகும் செலவு பெரும்பாலும் ஒரு மாதக் கட்டணத்தைத் தாண்டாது. கைபேசியில் ஆடுபவர்கள் ரௌட்டர் உள்ள அறையிலேயே அமர்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணைவது நல்லது.

இதைவிட மறைவான குறை ஒன்றும் உண்டு. வீட்டில் ஒருவர் வளைகுடாவிலுள்ள உறவினருக்குப் பெரிய வீடியோ அனுப்புகிறார், அல்லது கைபேசி தானாகப் படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரௌட்டர் அந்தத் தரவையெல்லாம் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். உங்கள் விளையாட்டின் சிறு பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். வரிசையில் ஒரு எம்பி, அதாவது எட்டு மெகாபிட் தரவு நின்று, பதிவேற்ற வேகம் பத்து எம்பிபிஎஸ் என்றால், அது வெளியேறுவதற்கே 0.8 விநாடி ஆகும். பிங் 800 மில்லி விநாடி கூடிவிட்டது என்று பொருள். இதை பஃபர்பிளோட் என்பார்கள். சோதிப்பது எளிது: பிங் கட்டளையை ஓடவிட்டுக்கொண்டே ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிப் பாருங்கள். எண் பல மடங்கு எகிறினால், இந்த வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்னும் வசதி உள்ள ரௌட்டரை வாங்கி, அதில் வேக வரம்பை இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால் வரிசை சேராது. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவிறக்க வேகத்துக்கு இணையான பதிவேற்ற வேகம் உண்டா என்று கேட்க வேண்டியதும் இதற்காகத்தான்.

ஏர்ஃபைபர் போன்ற கம்பியில்லா இணைப்புகளில் வேகம் நன்றாகவே கிடைக்கலாம். ஆனால் ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் தாமதம் நேரத்துக்கு நேரம் மாறும். அடர்ந்த மரங்கள் இடையே வந்தால் அலையும் வலுவிழக்கும். நல்ல ஃபைபர் வராத மலையோர ஊர்களுக்கு அது ஏற்றதே. ஃபைபர் கிடைக்கும் இடத்தில் போட்டி ஆட்டக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி; பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. மும்பை சர்வரில் ஆடுபவருக்கு இதனால் தொல்லை இராது. ஆட்டக்காரர்களின் கருவிகள் நேரடியாக இணையும் விளையாட்டுகளிலும், நண்பர்களுக்காக வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும்போதும்தான் அது தடையாகும். அப்படிப்பட்டவர்கள் தனிப் பொது ஐபி கிடைக்குமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று இணைப்பு எடுக்கும் முன்பே கேட்க வேண்டும். டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் பிங் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. சர்வரின் முகவரியைத் தேடித் தரும் வேலையோடு டிஎன்எஸ்ஸின் பங்கு முடிந்துவிடுவதால், ஆட்டத்தின் பிங்கை அது மாற்றாது. தரவை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் கேமிங் விபிஎன் செயலிகள் மோசமான பாதையைத் தவிர்க்கச் சில வேளைகளில் உதவும். பாதை ஏற்கெனவே நன்றாக இருந்தால் கூடுதல் சுற்றே மிஞ்சும்.

கடைசியாகப் பணம். ஆறு மாதமோ ஓராண்டோ மொத்தமாகக் கட்டினால் நிறுவும் கட்டணம் இல்லை, ரௌட்டர் இலவசம் என்பார்கள். மாதம் சிறிது கூடுதலாக ஆனாலும், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். அந்த மாதத்தில் இரவு நேரத்து பிங்கையும் டிரேஸ்ரூட் முடிவுகளையும் தேதியிட்டுப் படமெடுத்து வையுங்கள். ‘லேக் ஆகிறது’ என்று வாய்மொழியாகச் சொன்னால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் தங்கலில் தாமதம் கூடுகிறது என்று காட்டும் படம் கையில் இருந்தால், புகார் பொறியாளர் வரை போக வாய்ப்புண்டு. புகாருக்கு எண் வாங்குங்கள். அதற்குத் தீர்வு வராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி அந்த நிறுவனமே அமைத்திருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும். பழைய இணைப்பு இருந்தால், புதியது ஒரு மழையையும் ஒரு மின்தடையையும் சில ஞாயிற்றுக்கிழமை இரவுகளையும் தாங்கும் வரை அதைத் துண்டிக்காதீர்கள்.