‘பெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பழகுவது எப்படி?

பாம்பன், மண்டபம் பக்கத்தில் கப்பல் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் அதிகம் தடுமாறும் சொற்களில் ஒன்று ‘பெண்ட்’. ‘வளை’ என்று பொருளை மனப்பாடம் செய்துவிட்டு, குனிவதற்கும் மடிப்பதற்கும் சாய்வதற்கும் அதையே போடுகிறார்கள். இல்லையென்றால் இணைச்சொல் பட்டியலைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் சொல்லைப் பொறுக்குகிறார்கள். எங்கள் வகுப்பில் பலன் கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி, காலம். பெண்ட் என்பதன் இறந்தகாலம் பென்ட். ஸ்பெண்ட், லெண்ட், செண்ட் எல்லாம் இதே தடத்தில் போகும். நிகழ்காலத்தில் கடைசி ஒலி ‘வண்டு’ என்பதில் வருவதுபோல மெல்லியது. இறந்தகாலத்தில் ‘பட்டு’ என்பதில் வருவதுபோல வல்லியது. ‘பெண்டட்’ என்ற வடிவம் மண்டியிட்டு வேண்டுவதைக் குறிக்கும் ‘ஆன் பெண்டட் நீ’ என்ற தொடரில்தான் மிஞ்சியிருக்கிறது, வேறெங்கும் எழுதாதீர்கள். ஆணி வளைந்தது, ஆணியை வளைத்தான் என்று நாம் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை: ‘தி நெயில் பென்ட்’, ‘ஹி பென்ட் தி நெயில்’.

இரண்டாம் படிக்கு ஒரு பனங்குருத்தோலை வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஓலையை மடித்து, மடிப்பின்மேல் நகத்தை வைத்து அழுத்தி நீவுங்கள். வெளிறிய கோடு ஒன்று விழும். விரித்தாலும் அது மறையாது. இது ஃபோல்ட். இப்போது ஈர்க்கைத் தனியாகக் கிழித்து, இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். கோடு எதுவும் விழாது. விட்டதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இது பெண்ட். அப்படி வளைந்துகொடுக்கும் தன்மை இருப்பதால் ஈர்க்கு ஃப்ளெக்ஸிபிள். முடைந்து முடித்த கொட்டான் என்ற ஓலைப்பெட்டியின் வாய் வட்டமாக இருக்கிறதே, அதற்கு கர்வ். பெண்ட் பெரும்பாலும் செயலைச் சொல்லும், கர்வ் வடிவத்தைச் சொல்லும். காற்று சவுக்கை வளைக்கிறது என்றால் பெண்ட். கடற்கரை வளைந்து போகிறது என்றால் கர்வ். சாலை வளைவுக்கு இரண்டும் பொருந்தும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ‘ஹேர்பின் பெண்ட்’ என்பார்கள். நம் சமதளத்தில் அதற்கு உதாரணம் காட்ட வழியில்லை.

மூன்றாம் படி உடலைப் பற்றியது. பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால் ‘பெண்ட் டவுன்’. தாழ்ந்த வாசலில் தலையையும் முதுகையும் சேர்த்துத் தாழ்த்தி நுழைந்தாலோ, முதுமையில் கூன் விழுந்தாலோ ‘ஸ்டூப்’. மரியாதைக்காகத் தலைவணங்கினால் ‘பௌ’. இந்த மூன்றாவதில்தான் வம்பு. பி, ஓ, டபிள்யூ என்ற அதே மூன்று எழுத்துகள் வில்லுக்கும் உண்டு. அங்கே உச்சரிப்பு ‘போ’. படகின் முன்முனையான அணியத்துக்கும் அதே எழுத்துகள்தான். ஆனால் உச்சரிப்பு மறுபடியும் ‘பௌ’. தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை என்று வெளியூர்ப் பயணிக்கு விளக்கும்போது ‘எண்ட் ஆஃப் தி பௌ’ என்றால், அவர் படகின் முனை என்றுதான் புரிந்துகொள்வார். ‘எண்ட் ஆஃப் தி போ’ என்று சொல்ல வேண்டும். வில், ரிப்பன் முடிச்சு, வயலின் வில் மூன்றும் போ. வணக்கமும் அணியமும் பௌ. இந்த ஐந்தையும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். எழுதிப் பார்ப்பதால் பயனில்லை. எழுத்தில் வித்தியாசமே கிடையாது.

நான்காம் படி, பட்டறைத் தமிழை வாசலிலேயே கழற்றி வைப்பது. சைக்கிள் ரிம்முக்கு ‘பெண்டு எடுத்தேன்’ என்கிறோம். அதை அப்படியே ‘ஐ டுக் பெண்ட்’ என்று ஆங்கிலமாக்கினால் யாருக்கும் புரியாது. ‘தி ரிம் இஸ் பென்ட்’, ‘ஐ ஸ்ட்ரெய்ட்டன்டு இட்’ என்றால் வேலை முடிந்தது.

பாம்பன் பாலத்துக்கும் பலர் பெண்ட் போடுகிறார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரு கரங்களும் கப்பலுக்கு வழிவிடச் சாய்ந்து உயர்ந்தன. இரும்பு எங்கும் வளையவில்லை. ஆகவே டில்ட். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி மட்டமாகவே மேலேறுகிறது. அது லிஃப்ட்.

அகராதி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இணைச்சொற்களை மட்டும் அடுக்கித் தரும் தெசாரஸைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை அது சொல்லாது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலிக்குறியைத் தொட்டு உச்சரிப்பையும் கேட்கலாம். உதாரண வாக்கியங்களை நோட்டில் கையால் எழுதுங்கள்.

மரபுத்தொடர்களில் இப்போதைக்கு மூன்று போதும். ‘பெண்ட் தி ரூல்ஸ்’ என்றால் விதியை உடைக்காமல் வளைப்பது. நாம் சட்டத்தை வளைப்பது என்கிறோமே, அதேதான். ‘பெண்ட் ஓவர் பேக்வர்ட்ஸ்’ என்றால் ஒருவருக்கு உதவப் படாதபாடு படுவது. ‘பென்ட் ஆன்’ என்றால் ஒன்றைச் செய்தே தீருவது என்ற பிடிவாதம்.

பின்சேர்க்கை: சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், ‘தி பெண்ட்ஸ்’ என்றால் என்ன என்று கேட்டிருந்தார். அழுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகும். மூட்டுகளில் கடும் வலி எடுக்கும், உயிருக்கும் ஆபத்து. அந்த நோயின் பெயர் இது. 1870-களில் அமெரிக்காவில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் தோண்டிய தொழிலாளர்களை இதே நோய் வாட்டியது. முன்னால் ‘தி’, கடைசியில் ‘ஸ்’ இரண்டும் கட்டாயம்.

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மாலுமிகளின் ஆங்கிலத்தில் இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுக்கும் பெண்ட் என்றே பெயர். அவற்றில் ‘ஷீட் பெண்ட்’ என்பதைத் தேர்வில் கேட்டால் பயப்பட வேண்டாம். கையால் வலை பின்னும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் போடுகிற முடிச்சின் அமைப்புதான் அது. வலை பின்னத் தெரிந்த கை அதைத் தானாகவே போட்டுவிடும்.