பனியன் தைக்கும் சிறு யூனிட்டில் தரத்தை நிலைநிறுத்துவது எப்படி?

20, 30 மெஷின் வைத்து டி-ஷர்ட் தைக்கும் திருப்பூர் யூனிட்டுகளில் தரம் என்றாலே கடைசி செக்கிங் டேபிள்தான். தைத்த பீஸ் மொத்தமும் அங்கே வந்து குவிந்த பிறகு ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டியது), டேமேஜ் (தேறாதது) என்று பிரிப்பார்கள். அதற்குள் ஒரே தவறு ஐந்நூறு பீஸில் ஏறியிருக்கும். செக்கிங்குக்கு எத்தனை ஆள் கூட்டினாலும் இது தீராது. தவறு நடந்த மெஷினிலேயே, இரண்டு மணி நேரத்துக்குள் பிடிபட வேண்டும். பிடித்தவருக்கு மெஷினை நிறுத்தும் அதிகாரமும் வேண்டும்.

முதலில் துணி. காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை முன்கூட்டியே நெருக்குவது) ஆகி வந்த ரோலை அப்படியே கட்டிங் டேபிளில் விரிக்காதீர்கள். பிரித்து, தளர்வாக மடித்து 24 மணி நேரம் போட்டு வையுங்கள். லைக்ரா கலந்த துணிக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இழுபட்டு நிற்கும் துணியை வெட்டினால், வெட்டிய பிறகு அது சுருங்கி உடம்பு நீளம் குறையும். பழி டெய்லர் மேல் விழும்.

ஒவ்வொரு சாய லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி) இரு ஓரம், நடு என மூன்று இடத்தில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கட்டரால் வட்டம் வெட்டி எடை போடுங்கள். வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 180 கேட்ட துணிக்கு 1.8 கிராம் வர வேண்டும். பெரும்பாலான ஆர்டர்களில் 5 சதவீதம் கூடக்குறைய, அதாவது 171 முதல் 189 வரை, ஏற்பார்கள். அடுத்து 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, வாஷ் கேர் லேபிளில் சொன்னபடி துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5 வந்தால் சுருக்கம் 5 சதவீதம். பேட்டர்னில் (வெட்டுவதற்கான அளவு அச்சு) அந்த அளவைச் சேர்த்த பிறகே வெட்ட வேண்டும். லாட் நம்பர் ரோலிலிருந்து, வெட்டிய துண்டுகளைக் கட்டிய பண்டிலின் சீட்டு வரை கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் கையும் உடம்பும் வேறு வேறு ஷேடாகப் போய்ச் சேரும். டியூப் லைட்டில் தெரியாத அந்த வித்தியாசம் பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

லைன் (தையல் மெஷின் வரிசை) ஓடத் தொடங்கியதும் செக்கர் ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் முடிந்த பண்டிலிலிருந்து ஏதாவது 7 பீஸ் உருவிப் பார்த்து அட்டை தொங்கவிடுவார். குறை இல்லையென்றால் பச்சை, ஒரு சின்னக் குறை என்றால் மஞ்சள், பெரிய குறையோ, சின்னக் குறை இரண்டோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்க வேண்டும். கடைசியாகப் பச்சை வாங்கிய பண்டிலுக்குப் பின் தைத்த அத்தனையும் திரும்ப வர வேண்டும். 25 மெஷினுக்கு ஒரு சுற்று 175 பீஸ். நாளுக்கு நான்கு சுற்று ஒரே ஆளால் முடியும்.

எதைப் பார்ப்பது? சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான மெல்லிய பின்னல் துணி) மிக மோசமானது ஊசி அறுத்த ஓட்டை. தைத்த கையோடு கண்ணுக்குத் தெரியாது, துவைத்ததும் விரிந்துவிடும். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் அகப்படும். முனை தேய்ந்த ஊசி, பால் பாயிண்ட் (உருண்டை முனை) அல்லாத ஊசி, துணிக்குத் தடித்த ஊசி, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பேட்லாக்கில் (மடிப்போரம் தைக்கும் ஃபிளாட்லாக் மெஷின்) தையல் விட்டுப்போனால் முதலில் ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு லூப்பரை (அடி நூலைக் கோக்கும் கொக்கி) தொடச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்று நிர்ணயித்தது 8-க்கு இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் மெஷின் கோளாறு அல்ல. தையல் நீண்டால் பீஸ் சீக்கிரம் ஓடும், பீஸ் ரேட்டில் கூலி கூடும்.

தரம் கவிழ்வதும் இந்தக் கூலியில்தான். டெய்லர் செய்த தவறை அவரே கூலியில்லாமல் ஆல்டர் செய்யட்டும், நியாயம். கட்டிங்கோ மெஷினோ செய்த தவறுக்கும் அவர் தலையிலேயே கட்டினால், மறுநாளிலிருந்து கெட்ட பீஸ் பண்டிலின் நடுவில் ஒளிந்துகொள்ளும். அந்த ஆல்டருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். செக்கர் லைன் காண்டிராக்டரின் கீழ் இருக்கவே கூடாது. காண்டிராக்டருக்கு வருமானம் பீஸ் கணக்கில் வருகிறது. அவரிடம் சம்பளம் வாங்குபவர் மெஷினை நிறுத்த மாட்டார். செக்கர் முதலாளியிடம் நேராகப் பேச வேண்டும். டெலிவரி நெருக்கடியிலும் முதலாளி சிவப்பு அட்டையை மதிக்க வேண்டும். ஒருமுறை "பரவாயில்லை, ஓட்டு" என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அந்த அட்டைக்கு மரியாதை இல்லை.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி. துண்டு குறைந்தால் அந்தப் பண்டிலைத் தனியே எடுத்து நீடில் டிடெக்டரில் (துணிக்குள் இருக்கும் ஊசித் துண்டைக் காட்டும் கருவி) விட வேண்டும்.

பதிவுக்கு லைனுக்கு ஒரு தாள் போதும். 200 பீஸ் பார்த்து 14 குறை என்றால் நூற்றுக்கு 7. வாரக் கடைசியில் அதிகம் வந்த இரண்டு குறைகளை மட்டும் எடுத்து, மெக்கானிக்கையும் கட்டிங் மாஸ்டரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழுக்காக முப்பது படிவம் அச்சடித்துவிட்டு, ஆடிட்டுக்கு முந்தின இரவு உட்கார்ந்து நிரப்புவதால் ஒரு ஓட்டைகூட அடைபடாது.

பையரின் (ஆர்டர் கொடுத்தவர்) இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் நீங்களே அதைச் செய்து பாருங்கள். 3,000 பீஸ் ஆர்டருக்கு, பொதுவான இரண்டாம் நிலைச் சோதனையில் ஏக்யூஎல் (ஏற்கக்கூடிய குறையின் வரம்பு) 2.5 என்றால், மூடிய பெட்டிகளிலிருந்து 125 பீஸ் எடுக்க வேண்டும். 7 குறை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். ஃபெயில் ஆனால் எல்லாப் பெட்டியையும் கண்மூடித்தனமாகப் பிரிக்க வேண்டாம். அளவுக் குறையா, ஷேடா, ஊசி ஓட்டையா என்று வகை பிரித்து, லைன் தாளில் அந்தக் குறைக்கு எந்த மெஷினில், எந்த நாள் சிவப்பு விழுந்தது என்று பாருங்கள். அந்த லாட், அந்த சைஸ் பெட்டிகளை முதலில் திறங்கள். இரவுக்குள் முடிக்கக்கூடிய வேலை அது.