கணுக்காலுக்கு ஸ்க்ரூவா, டைட்ரோப்பா? எப்படி முடிவு செய்வது

கணுக்கால் முறிவோடு சின்டெஸ்மோசிஸும் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், கீழ்க்காலின் டிபியா (உள்பக்கப் பெரிய எலும்பு), ஃபிபுலா (வெளிப்பக்க மெல்லிய எலும்பு) இரண்டையும் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடிக்கும் தசைநார்கள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அப்படியே விட்டால் அவற்றின் கீழ்முனைகளுக்கு இடையில் இருக்கிற டேலஸ் எலும்பு வெளிப்பக்கம் நகரும். அது 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் ரேம்ஸியும் ஹாமில்டனும் காட்டினார்கள்.

இதைப் பிடிக்க முக்கியமாக இரண்டு வழி. பழைய வழி ஸ்க்ரூ: 3.5 அல்லது 4.5 மி.மீ., ஒன்றோ இரண்டோ, மூட்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. மேலே. மலிவு, உறுதி. ஆனால் இயல்பாகவே கொஞ்சம் அசைய வேண்டிய இடத்தை இறுக்கிவிடுவதால், நடக்க ஆரம்பித்ததும் தளரலாம், உடையவும் செய்யலாம் (உடைந்தால் பதற வேண்டாம், வலி இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்). இன்னொன்று டைட்ரோப் மாதிரியான சூச்சர் பட்டன், அதாவது இரண்டு குட்டி உலோகப் பட்டன்களை வலுவான நூலால் இழுத்துக் கட்டுவது. மூட்டு அசைய இடம் கொடுக்கும், பொதுவாக எடுக்க வேண்டியதில்லை, ஆனால் விலை அதிகம், முடிச்சு சில பேருக்குத் தோலுக்கடியில் உறுத்தும். நார்வேயில் 97 பேரிடம் நடத்திய ஆய்வில், 2 வருடம் கழித்து கணுக்காலின் வலி, செயல்பாட்டுக்கான மதிப்பெண் 100-க்கு பட்டன் போட்டவர்களுக்கு 96, ஒற்றை ஸ்க்ரூ போட்டவர்களுக்கு 86 என்று வந்தது.

அதற்காக எல்லோருக்கும் பட்டன்தான் என்று கிளம்பிவிட வேண்டாம். எலும்பு மென்மையாக இருந்தால் பட்டன் உள்ளே அமிழ்ந்துவிடலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூ போடுவதே வழக்கம். விளையாடுகிற இளைஞர், எலும்பும் நல்ல நிலையில் என்றால் நான் பட்டன் பக்கம்தான். டிபியாவின் பின்பக்கத் துண்டும் உடைந்திருந்தால், அதைப் பொருத்தினாலே சின்டெஸ்மோசிஸ் பல சமயம் நிலைபெற்றுவிடும், ஆகவே அதையும் கேளுங்கள்.

எதைப் போட்டாலும் ஃபிபுலா சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்பதுதான் பெரிய கேள்வி, சாதா எக்ஸ்ரேயில் அது திரும்பி உட்கார்ந்தால் தெரியாமல் போகலாம். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கணுக்காலையும் சேர்த்து சி.டி. எடுத்து ஒப்பிட முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம். ஸ்க்ரூவை எடுத்தே ஆக வேண்டுமா, தொந்தரவு கொடுத்தால் மட்டும் எடுத்தால் போதுமா என்று முன்பே பேசுங்கள். எடுப்பதாக இருந்தால் இரண்டாவது ஆபரேஷன் செலவையும் அந்த லீவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.