ஐம்பதைத் தாண்டி ஓடுபவர்கள் கணக்கு வைப்பது எப்படி?

எனக்கு 61 வயது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஏழு வருடமாக ஒரு எக்செல் ஷீட்டில் கணக்கு எழுதி வருகிறேன். வாட்ச் எத்தனையோ எண்களைக் காட்டும், அவற்றில் எனக்கு உதவுவது நான்கைந்துதான். நீங்களும் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை, வாட்ச் சொல்வது சரியா என்று பார்ப்பது. ஒருநாள் மெதுவாகத்தான் ஓடினேன், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வாட்ச் இதயத்துடிப்பு 172 என்றது. பயந்துபோனேன். மறுநாள் நெஞ்சில் கட்டும் பட்டையையும் மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் ஓடினேன். பட்டையில் 131, வாட்சில் மறுபடி 170-க்கு மேல். அப்புறம்தான் கவனித்தேன், நிமிடத்துக்கு நான் வைத்த காலடிகளும் 172! வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. வார் தளர்ந்திருந்தால் காலடி விழும் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்டுங்கள்.

அடுத்தது உச்சத் துடிப்பு, அதாவது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பது. 220-இல் வயதைக் கழிக்கச் சொல்வார்கள், எனக்கு 159 வரும். 2001-இல் வெளியான இன்னொரு சூத்திரம், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. அதன்படி எனக்கு 165. இரண்டுமே சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, ஷீட்டுக்கு வருவோம். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே எடுத்த துடிப்பு, ஓடிய நிமிடம், எவ்வளவு கடினமாக இருந்தது என்று 10-க்கு ஒரு மதிப்பெண், வலி. நிமிடத்தை மதிப்பெண்ணால் பெருக்கினால் அன்றைய சுமை. 40 நிமிடம், கடினம் 4 என்றால் 160. இதை ஏழு நாளுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். காலைத் துடிப்புக்கு மட்டும் இரண்டு சராசரி வேண்டும், கடைசி 7 நாளுக்கு ஒன்று, கடைசி 28 நாளுக்கு ஒன்று. 7 நாள் சராசரி மற்றதைவிட 5 கூடிவிட்டால் நான் அன்று ஓடமாட்டேன், நடப்பேன். ஒருநாள் மட்டும் எண் ஏறினால் கண்டுகொள்வதில்லை. தூக்கம் கெட்டாலே அப்படி ஏறும்.

வேகம் குறைவதை நினைத்து நிறையப் பேர் மனம் உடைகிறார்கள். அவர்களுக்காகவே உலக மூத்தோர் தடகள அமைப்பின் வயதுவாரி அட்டவணை இருக்கிறது. அதில் உங்கள் வயதுக்குக் கொடுத்திருக்கும் மிகச் சிறந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். 56 வயதில் 10 கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடினேன், இப்போது 54 ஆகிறது. சதவீதம் இரண்டுக்குமே கிட்டத்தட்ட 60. அதைப் பார்த்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். கனடாவின் எட் விட்லாக் 2004-இல், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடியதை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டம் மட்டும் போதாது, கால் பலத்தையும் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நாற்காலி நகராதபடி சுவரை ஒட்டிப் போடுங்கள். போனில் வீடியோ எடுத்தால் அரைகுறையாக எழுந்தது தெரிந்துவிடும். நாற்காலியை மட்டும் மாற்றாதீர்கள், உயரம் மாறினால் எண்ணும் மாறும்.

வாட்சை மாற்றினால் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நான் புது வாட்ச் வாங்கிய அன்றே என் விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று வாட்ச் போடும் மதிப்பீடு) 4 புள்ளி இறங்கியது. என் நுரையீரலுக்கோ இதயத்துக்கோ ஒன்றும் ஆகவில்லை, வாட்ச் கணக்கிடும் முறைதான் வேறு. பழைய வாட்சின் தரவை, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். இப்போது மாதக் கடைசியில் அந்த வேலையைத் தவறாமல் செய்துவிடுகிறேன்.