பெரிய டர்போ மாட்டும்போது கோட்டைவிடும் இடங்கள்

"டர்போ வந்துடுச்சு. சனிக்கிழமை மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமா?" நிசான் சில்வியா எஸ்13 வைத்திருக்கும் புதியவர்கள் ஒருவர் விடாமல் கேட்பது இது. எஸ்ஆர்20டிஇடி எஞ்சினோடு வரும் சின்ன டர்போவை (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கழற்றிவிட்டு, கேரட் நிறுவனத்தின் பெரிய ஜிடி2871ஆர் மாட்டுவது பலரும் போன பாதைதான். டி25 ஃப்ளாஞ்ச் (இணைப்புத் தட்டு) உள்ளதை வாங்கினால் பழைய மேனிஃபோல்டிலேயே, அதாவது எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பிலேயே, உட்கார்ந்துவிடும். அப்படி எளிதாக உட்கார்ந்துவிடுவதுதான் வினை. நட்டு இறுக்குவது, புது கேஸ்கெட் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. 205 குதிரைத்திறன் எஞ்சினிடம் 350 கேட்கும்போது டர்போவைச் சுற்றி இருப்பவை எங்கே உதைக்கும் என்பது மட்டும்.

அளவு பார்க்காமல் வாங்குவது

2 லிட்டர் எஞ்சின், 7,000 ஆர்பிஎம், 1.2 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாக ஏற்றும் அழுத்தம்). காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டிய காற்று 50 டிகிரி என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 16 கிலோ காற்று உள்ளே போகும். ஏறக்குறைய 350 குதிரைத்திறனுக்கு அது போதும். அதே பூஸ்டில் 3,000 ஆர்பிஎம்மில் போவது 7 கிலோ கூட இல்லை. இந்த இரண்டு புள்ளிகளையும், அழுத்த விகிதம் 2.2 (வெளிக்காற்றின் 1 பாரோடு பூஸ்ட் 1.2) என்ற கோட்டில், கம்ப்ரஸர் மேப்பில், அதாவது டர்போவின் காற்றளவையும் அழுத்தத்தையும் காட்டும் வரைபடத்தில், குறித்துப் பாருங்கள். முதல் புள்ளியை மட்டும் பார்த்து வாங்குபவர்தான் அதிகம். இரண்டாவது புள்ளி சர்ஜ் கோட்டுக்கு (காற்று பின்னோக்கித் தள்ளத் தொடங்கும் எல்லை) இடப்பக்கம் விழுந்தால், அந்த வேகத்தில் அந்தப் பூஸ்ட் ஏறும்போது டர்போ குலுங்கிக் குலுங்கி மூச்சு விடும். பேரிங் அடி வாங்கும்.

ஆயில் வழி

எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே கதை. புது டர்போ மாட்டி இரண்டு நாளில் சைலன்சரில் நீலப் புகை. "சீல் போச்சு, டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டை. இன்னொரு டர்போ வாங்கி மாட்டினால் அதுவும் புகைகிறது. கடைசியில் பார்த்தால் இரண்டு டர்போவிலும் பழுதில்லை. அடியில் இருக்கும் ஆயில் குழாய் மடங்கிக் கிடக்கிறது.

டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்த அதனால் முடியாது. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வருகிறது, பேரிங்கில் அடிபட்டு நுரையாகிறது, பிறகு வெறும் புவியீர்ப்பில் கீழே இறங்குகிறது. இறங்கும் வழி நெருக்கினால் ஆயில் நடு உடம்பில் தேங்கி, வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்ட் பக்கம் வழிகிறது.

எனவே இறங்கு குழாயின் உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 16 இருந்தால் நல்லது. வழியில் எங்கும் 'யு' போலத் தொங்கக்கூடாது. சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். டர்போவின் ஆயில் இறங்கும் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. பூஸ்ட் ஏறினால் பிஸ்டன் தாண்டிக் கீழே கசியும் காற்றும் கூடும். அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயிலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். புகை வந்தால் டர்போவைக் கழற்றும் முன் பிரீதரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். புகை குறைந்தால் டர்போ நிரபராதி.

உள்ளே வரும் பக்கம் வேறு தலைவலி. பால் பேரிங் டர்போவுக்குக் குறைந்த ஆயில் போதும். எஞ்சின் உச்ச வேகத்தில் நுழைவாயிலில் 3 பார் அளவு. அதற்கு மேல் வந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் தேவை. சில மாடல்களில் அது உள்ளேயே இருக்கும். தயாரிப்பாளரின் தாளைப் பார்க்காமல் வெளியே இன்னொன்று போட்டால் பேரிங் காய்ந்து போகும். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவில் யாரோ சொன்னார்கள் என்று இந்த 1 மில்லிமீட்டர் துளையைத் திருகுவது கொலைக்குச் சமம்.

ஆயில் இணைப்பில் சிலிக்கான் பேஸ்ட், டெஃப்லான் டேப் இரண்டும் வேண்டாம். பிய்ந்த ஒரு துணுக்கு போதும், அந்தத் துளையை அடைக்க. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் நுழைவாயிலில் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, அழுத்தம் தெரியும்வரை 10, 15 வினாடிகளாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள்.

பெட்ரோல்

350 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 95 கிலோ பெட்ரோல், அதாவது 128 லிட்டர். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்து, 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 670 சிசி வரும். எஸ்13-இல் கம்பெனி போட்டிருப்பது 370. எனவே 740. அதை மாட்டிவிட்டு ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தொடாமல் ஓட்டினால் ஐடிலிலேயே இரண்டு மடங்கு பெட்ரோல் ஊற்றி பிளக் நனையும். உள்ளே வரும் காற்றை அளக்கும் பழைய ஏர்ஃப்ளோ மீட்டரை விட்டுவைப்பது இன்னும் மோசம். உச்ச அளவைத் தொட்டபின் அதிகக் காற்று வருவது ஈசியூவுக்குத் தெரியாது. கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். நிசானின் இன்னொரு காரான 300இசட்எக்ஸ் இசட்32-இன் மீட்டர் இங்கே வழக்கமான மாற்று.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் எழுதிய லிட்டரை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 3 பாரில் அளந்தது. 1.2 பார் பூஸ்டில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரயிலின் அழுத்தம் 4.2 பார், அங்கே வரும் அளவு குறைவு. முப்பது வருட ஒயரில் வோல்டேஜும் இறங்கும். பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தடித்த ஒயர் இழுங்கள்.

வேஸ்ட்கேட்

டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்ட்டில் ஒரு பகுதியை வெளியே திருப்பி பூஸ்டை மட்டுப்படுத்தும் வால்வு இது. அதன் ஸ்பிரிங் எவ்வளவோ அதுதான் குறைந்தபட்ச பூஸ்ட். பூஸ்ட் கன்ட்ரோலர் அதை ஏற்றும், இறக்காது. எக்ஸாஸ்ட்டைப் பெரிதாக்கிய பின் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் தானாக ஏறினால், வால்வு துளை போதவில்லை.

புளோ-ஆஃப் வால்வு

த்ராட்டில் மூடும்போது தேங்கும் பூஸ்ட் காற்றைத் திறந்துவிடும் வால்வு இது. ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கும்வரை காற்றை வெளியே விடாதீர்கள். அளந்த காற்று அது; அதற்கேற்ற பெட்ரோலை ஈசியூ ஊற்றிவிடும்.

பிளக்

ஒரு படி குளிர்ந்தது (வெப்பத்தை வேகமாகக் கடத்துவது); என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ச்சி. இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

கிளட்ச்

பழையது வழுக்கும்.